இடத்து டேங்க், வலத்து டேங்க்

ஆற்றின் நடுவில் இன்ஜின் நின்ற அன்று மாமாவின் படகில் ஒன்பது லிட்டர் டீசல் மீதி இருந்தது. ராத்திரி போனில் இதையே மூன்று தடவை சொன்னார். "டீசல் கெடக்குது மாப்ள. குச்சி உட்டுப் பாத்துட்டேன், நாலு விரக்கடை கெடக்குது. இன்ஜின் மட்டும் நின்னு போச்சு."

படகில் பதினோரு பேர். அதில் நாலு பேர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். எல்லோரும் லைப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பின்னால் வந்த இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மாமா அன்று சாப்பிடவே இல்லை என்று அத்தை சொன்னார்.

மேட்டூருக்குக் கீழே காவிரியைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நாலு கதவணைகள் ஆற்றை ஒன்றன்பின் ஒன்றாக மறித்து நிறுத்துகின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு, நாலும் சேர்த்து 120 மெகாவாட். அங்கெல்லாம் ஆறு ஏரி மாதிரி அகலமாக, சத்தமில்லாமல் கிடக்கும். பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகில் போகாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஒரு கரை சேலம் மாவட்டம், எதிர்க்கரை ஈரோடு மாவட்டம். மாமாவின் படகும் இப்படி ஒரு தேக்கத்தில்தான் ஓடுகிறது. எந்தத் துறை என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பார்வைக்கு அசையாத தண்ணீர்தான். ஆனால் கதவணை இருக்கிற திசைக்கு அதில் ஒரு இழுப்பு உண்டு. இன்ஜின் நின்ற படகு எந்தப் பக்கம் போகும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் இந்த விஷயத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு பவானியில் பட்டறை. பம்ப்செட், பழைய ஆயில் இன்ஜின், விசைத்தறிக்காரர்களின் ஜெனரேட்டர், இவைதான் வேலை. படகு புதிது. ஆனால் டீசல் இன்ஜினுக்குத் தான் நிற்பது தோட்டத்திலா தண்ணீரிலா என்று தெரியாது, அதற்கு வேண்டியது ஒன்றுதான், காற்றில்லாத டீசல்.

படகின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பலகைக்கு அடியில் இன்ஜின். அதன் இரண்டு பக்கமும் நாற்பது லிட்டர் டேங்க் ஒவ்வொன்று. இரண்டு டேங்க்கின் அடியையும் ஒரு ஓஸ் சேர்க்கிறது. அந்த ஓஸின் நடுவில் மூன்று வாய் உள்ள ஒரு டீ இணைப்பு போட்டு, அங்கிருந்து இன்ஜினுக்கு டீசல் போகிறது. மிஞ்சுகிற டீசல் ரிட்டர்ன் குழாய் வழியாக இடது டேங்க்குக்கு வந்துவிடும். டேங்க் மூடியில் ஓட்டை கிடையாது. காற்று உள்ளே வர ஒவ்வொரு டேங்க்கின் மேலிருந்தும் தனியாக ஒரு சிறிய ஓஸ் புறப்பட்டு, படகின் விளிம்புக்கு ஏறி வெளியே திறக்கிறது. மாமா இந்த இரண்டையும் ஏர் மாடு பூட்டுகிற கணக்கில்தான் சொல்வார், இடத்து டேங்க், வலத்து டேங்க் என்று. படகு போகும்போது தெற்கே இருக்கிற டேங்க் வரும்போது வடக்கே போய்விடும். திசை சொல்லியே பழகிய எங்கள் ஊர்ப் பேச்சு படகில் செல்லாது, பூட்டின மாட்டின் பேர்தான் செல்லும்.

இரண்டு மாசமாகவே இடத்து மாடு பின்தங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் குச்சி விட்டால் வலத்து டேங்க்கில் டீசல் குறைந்திருக்கும், இடத்து டேங்க்கில் நாலு விரல் உயரமாக நிற்கும். காலையில் பார்த்தால் இரண்டும் சமம். மாமா இதை ஒரு பட்டறையில் காட்டினார். அவர்கள் பில்டர் இரண்டையும் மாற்றி, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கிற லிப்ட் பம்ப்பையும் புதிதாகப் போட்டு அனுப்பினார்கள். எதுவும் மாறவில்லை. பம்ப்பைக் கெட்டது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை என்பது என் எண்ணம். இரண்டு டேங்க்குக்கும் ஒரே பம்ப்தான். அது பலவீனமாக இருந்தால் இன்ஜின் திணறும், ஒரு பக்கம் மட்டும் உயரமாக நிற்காது.

இன்ஜின் நின்ற அன்று நடந்ததைக் கணக்காகச் சொன்னால் புரியும். காலையில் இரண்டு டேங்க்கிலும் பன்னிரண்டு பன்னிரண்டு, மொத்தம் இருபத்திநாலு லிட்டர். மாமா கைக்கு அருகில் இருந்த இடத்து டேங்க்கில் மட்டும் குச்சி விட்டு, மறு டேங்க்கும் அதே அளவு என்று எடுத்துக்கொண்டார். மாலை வரை எரிந்தது பதினைந்து. அதில் வலத்து டேங்க் தன் பன்னிரண்டையும் கொடுத்துவிட்டது, இடத்து டேங்க் மூன்றுதான் கொடுத்தது. வலது காலியானதும் டீ வழியாக இன்ஜினுக்குக் காற்று போய்விட்டது. ஏர் பிடித்த டீசல் இன்ஜின் எவ்வளவு டீசல் இருந்தாலும் ஓடாது. பில்டர் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்ப் அடித்து, மூடி, பிறகுதான் ஸ்டார்ட் பண்ண முடியும். பதினோரு பேரை வைத்துக்கொண்டு ஆற்று நடுவில் நிதானமாகச் செய்கிற வேலையா அது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகு கரை கட்டியதும் போனேன். என் முதல் சந்தேகம் சாய்வு. இரண்டு டேங்க்குக்கும் நடுவில் நாலடி தூரம். படகு மூன்று டிகிரி சாய்ந்தாலே டீசல் மட்டத்தில் இரண்டரை அங்குலம் வித்தியாசம் வந்துவிடும். ஆட்கள் நிழல் பார்த்து ஒரே பக்கமாக உட்கார்வது உண்டு. அப்படியானால் இதில் பழுதே இல்லை, உட்கார வைக்கிற முறைதான் மாற வேண்டும்.

சாய்வா, பழுதா என்று பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே கருவி கொத்தனாரின் மட்டக்குழாய். வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாதிரி ஒரு ட்யூப், உள்ளே தண்ணீர். ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை எதிர்ச் சுவரிலும் பிடித்தால் இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஊரில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். ஆட்களை இறக்கிவிட்டு, இரண்டு டேங்க்கின் பக்கத்திலும் அந்த மட்டத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டோம். அந்தக் கோட்டிலிருந்து டீசல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்தால் போதும். படகு எப்படிச் சாய்ந்து நின்றாலும் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் அடியில் ஓஸ் சேர்த்த இரண்டு டேங்க்கும் ஒரு பெரிய மட்டக்குழாய்தான்.

படகு அரை அங்குலம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. பேட்டரியும் ஸ்டியரிங்கும் அந்தப் பக்கம். அப்படியானால் டீசல் வலது பக்கம்தான் கூட இருக்க வேண்டும். ஆனால் கோட்டிலிருந்து அளந்தால் வலத்து டேங்க்கைவிட இடத்து டேங்க்கில் மூன்று அங்குலம், அதாவது மாமாவின் நாலு விரல், உயரமாக நின்றது. காரணம் சாய்வு இல்லை என்பது முடிவாகிவிட்டது. டீ குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்து வந்து திரும்ப அளந்தேன். வித்தியாசம் ஒரு அங்குலமாகக் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டும் சமம்.

"ராத்திரிக்கு ராத்திரி தானாச் சரியாப் போயிருது மாப்ள. அதான் எனக்கும் புரியல" என்றார் மாமா.

ஓடும்போது வித்தியாசம் வருகிறது, நின்றால் சரியாகிறது. இதைக் கேட்டதும் நான் ரிட்டர்ன் குழாயைத்தான் நினைத்தேன். பெரிய இன்ஜின்களில் பம்ப் எரிவதைவிட நிறைய டீசலை இழுத்து மீதியைத் திருப்பி அனுப்பும். அந்த மீதி ஒரே டேங்க்குக்குப் போனால் அந்த டேங்க் ஏறிக்கொண்டே வரும், சில சமயம் காற்றுக் குழாய் வழியாக வெளியே வழியக்கூடச் செய்யும். இரட்டை டேங்க் படகுகளில் இது உண்மையாகவே நடக்கிற பழுது. அதனால் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி வலத்து டேங்க்குக்கு மாற்றிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை ராத்திரி மாமா போன் பண்ணினார். அதே நாலு விரல், அதே இடத்து டேங்க். இந்தச் சின்ன இன்ஜினில் ரிட்டர்ன் வருவது டீசலைத் தெளிக்கிற நாசிலில் கசிகிற சொட்டுதான் என்பதை நான் முதலிலேயே ஒரு டம்ளர் வைத்துப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது அடி ஓஸ். டீசலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால், அந்த இரண்டும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புப் பிசினாகப் படியும். அது குழாயின் வாயை அடைக்கும். செவ்வாய்க்கிழமை மாமாவே வால்வை மூடி ஓஸைக் கழற்றி ஊதிப் பார்த்தார். கொஞ்சம் பிசின் வந்தது, அடைப்பு இல்லை.

இங்கேதான் மாமாவின் நோட்டு உதவியது. அவர் இரண்டு மாசமாகக் குச்சி அளவை எழுதி வைத்திருந்தார். பத்து லிட்டர் எரிந்த நாளிலும் நாலு விரல், இருபது லிட்டர் எரிந்த நாளிலும் நாலு விரல். ஒரு நாளும் ஐந்து இல்லை. போனில் அதை அவர் வாசிக்க வாசிக்க எனக்கு அந்த எண் நெஞ்சில் தைத்தது. அடைப்பு என்றால் எரிய எரிய வித்தியாசம் வளரும். இது ஒரு அளவுக்கு வந்து நிற்கிறது. எதுவோ நாலு விரல் வரைக்கும் பிடித்து வைத்து, அதற்குமேல் விட்டுக்கொடுக்கிறது.

அப்போது எனக்கு எங்கள் தோட்டத்து ஆயில் இன்ஜின் ஞாபகம் வந்தது. கிணற்று மேட்டில் நின்ற பழைய இன்ஜின். டேங்க் மூடியில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. சோளத்தட்டுத் தூசி விழுகிறது என்று அம்மா ஒரு நாள் ஈரத்துணியைச் சுற்றி மூடியை இறுக்கிக் கட்டிவிட்டார். இன்ஜின் அரை மணி நேரம் ஓடி நின்றது. அப்பா பம்ப்பையும் பில்டரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் துணியை அவிழ்த்தார். உஸ் என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போனால்தான் டீசல் வெளியே வரும். இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு மேல் வாயை விரலால் மூடித் தூக்கினால் தண்ணீர் கீழே விழாமல் நிற்கிறதே, அதேதான்.

உடனே மாமாவைத் திரும்பக் கூப்பிட்டேன். "மாமா, தினமும் சாயந்தரம் குச்சி உடறதுக்கு மூடியத் தொறக்கறீங்கல்ல? நாளைக்கு ஒரு நாள் தொறக்காதீங்க. படகக் கட்டிப்போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொறங்க. இன்ஜின் சத்தம் இல்லாம, காதப் பக்கத்துல வெச்சுத் தொறங்க."

இந்த ஒரு சோதனைதான் இந்தப் பழுதில் முக்கியம் என்று நினைக்கிறேன். அடி ஓஸ் பாதி அடைத்திருந்தால், மூடி மூடியே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் டீசல் மெதுவாகப் பாய்ந்து சமமாகிவிடும். காற்றுக் குழாயில் பழுது என்றால், மூடியைத் திறக்கிற வரைக்கும் சமமாகாது. இத்தனை நாளும் ராத்திரி படகைச் சரி செய்தது மாமாவின் குச்சிதான். அளக்கத் திறந்தார், திறந்ததால் காற்று போனது, காற்று போனதால் மட்டம் சேர்ந்தது. காலையில் பார்த்தால் சமம்.

புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு போன். "உறிஞ்சுது மாப்ள! மெல்ல உறிஞ்சுது, நல்லாக் காதுல கேட்டுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சும் நாலு விரக்கடை அப்படியே இருக்குது."

வலத்து டேங்க்கின் மூடியில் சத்தம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகைகளை எல்லாம் தூக்கினோம். காற்றுக் குழாயின் வெளி வாயில் குளவிக் கூடு இருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஏனென்றால் பட்டறைக்கு வருகிற பம்ப்செட்டுகளில் பாதிக்கு அதுதான் கதை. வாய் சுத்தமாக இருந்தது. பழுது உள்ளே இருந்தது. லைப் ஜாக்கெட்டுகளை வைக்க இடது பக்கம் பலகைக்கு அடியில் ஒரு பெட்டி செய்திருந்தார்கள். அந்தப் பெட்டி காற்று ஓஸைக் கிளிப்பிலிருந்து தட்டிவிட்டிருந்தது. ஓஸ் டேங்க்கிலிருந்து கொஞ்சம் ஏறி, பிறகு தொங்கி, ஊஞ்சல் கயிறு மாதிரி கீழே வளைந்து, மறுபடி மேலே போயிருந்தது. அந்த வளைவின் அடியில் டீசல் தேங்கி நின்றது. டேங்க்கை வாய்வரை நிரப்பின ஏதோ ஒரு நாளில் படகு சாய்ந்து டீசல் ஓஸுக்குள் போயிருக்க வேண்டும். தேங்கின டீசலின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட.

அந்த அளவைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. வலத்து டேங்க்கில் காற்று தாராளமாக நுழைகிறது, அது டீசலைக் கொடுக்கிறது. இடத்து டேங்க் கொடுக்கப் பார்த்தால் உள்ளே காற்று இளகி, வளைவில் நிற்கும் டீசலைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த மூன்று அங்குல டீசலைத் தூக்கி முடித்தால்தான் வெளிக்காற்று குமிழியாக உள்ளே வரும். அது வரைக்கும் டேங்க் மூன்று அங்குலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொங்கின குழாயில் எவ்வளவு உயரமோ, இரண்டு டேங்க்குக்கும் அவ்வளவு வித்தியாசம். மாமா நோட்டில் இரண்டு மாசமாக எழுதியது அந்த வளைவின் ஆழத்தைத்தான்.

மாமாவுக்கு நான் விளக்கத் தொடங்குமுன்னே அவரே சொன்னார், "ஏர் வால்வு மாதிரித்தான்!" காவிரியிலிருந்து மைல்கணக்கில் பைப்லைன் போட்டு மேட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற விவசாயிகள் எங்கள் பக்கம் நிறைய. மாமாவுக்கும் அப்படி ஒரு லைன் உண்டு. பைப் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று தேங்கி நின்று தண்ணீரை மறிக்கும், அதனால் மேட்டில் ஏர் வால்வு வைப்பார்கள். இங்கே அது தலைகீழ். தண்ணீர்க் குழாய்க்கு மேடு ஆகாது, காற்றுக் குழாய்க்குப் பள்ளம் ஆகாது. நான் ஒரு வாரம் சுற்றி வந்த இடத்துக்கு அவர் தோட்டத்து வழியாக ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டார்.

வேலை என்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம். ஓஸைக் கழற்றி வடித்து, டேங்க்கிலிருந்து வெளி வாய் வரைக்கும் எங்கேயும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகிற மாதிரி வழி மாற்றி, ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் போட்டேன். பெட்டியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தோம். வலது பக்கமும் அதே உயரம், அதே நீளம். வெளி வாயைக் கீழ்நோக்கி வளைத்து, குளவிக்காகப் பித்தளை வலை கட்டினோம். வலை ரொம்ப நெருக்கமாக இருந்தால் அதுவே டீசலும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், அதனால் கொசுவலையைவிடக் கொஞ்சம் அகலக் கண்ணாகப் பார்த்து வாங்கினேன். டேங்க்கை இனி வாய்வரை நிரப்புவதில்லை, நாலு விரல் குறைத்துத்தான்.

பெட்ரோல் அவுட்போர்டு, அதாவது படகுக்கு வெளியே மாட்டுகிற இன்ஜின், வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுடைய கைடேங்க் மூடியிலேயே காற்றுத் திருகு இருக்கும், ஓடும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும். ஓஸில் இருக்கிற ரப்பர் பந்து தானாகச் சப்பிப் போனால் டேங்க்குக்குக் காற்று போகவில்லை என்று அர்த்தம். ஆனால் நான் டீசலில் செய்த மாதிரி பலகைக்கு அடியில் தலையை விட்டுக் குழாயைக் கழற்றுவதைப் பெட்ரோலில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கும். எல்லாப் பலகையையும் திறந்து, வெகுநேரம் காற்றாட விட்டு, அதன்பின் பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும்.

மாமா இப்போது இரண்டு டேங்க்கிலும் குச்சி விடுகிறார். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. ஐந்து வாரமாக நோட்டில் இரண்டு பத்தியும் ஒன்றாகவே போகின்றன. ஒரு நாள் மட்டும் வலது பக்கம் அரை விரல் கூட, அன்று சந்தை நாள், தக்காளிக் கூடைகளை அந்தப் பக்கம் ஏற்றியிருந்தார்கள். இன்னும் பாக்கி ஒன்று இருக்கிறது. அடி ஓஸில் வந்த அந்தக் கறுப்புப் பிசின் டேங்க்கின் அடியிலும் இருக்கும். பராமரிப்புக்காகக் கதவணையில் தண்ணீரைத் திறந்துவிடும் நாட்களில் படகு ஓடாது, பாறை தெரிய ஆறு வற்றிக் கிடக்கும். அப்போது இரண்டு டேங்க்கையும் கழற்றி பவானிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.